ராக்கெட் படமும் இன்னாசி அண்ணன் கையும்

ராக்கெட் படம் சூப்பர் படம்னு யாராச்சும் என்னாண்ட வந்து சொன்னா எனக்குப் பத்திகினு வரும். அதுல இன்னா கீது, சும்மா பில்டப்புன்னு சொன்னாலும் பத்திகினு வரும். அந்தப் படத்தைப் பத்திப் பேச இந்த உலகத்துல ரெண்டே பேருக்குத் தான் உரிமை கீதுன்றது என் கட்சி. ஒருத்தர் இன்னாசி அண்ணன், இன்னொருத்தர் வெள்ளத்துரை அண்ணன். மத்தவங்க அல்லாம் பாப்கார்ன் துன்னுட்டு வூட்டுக்குப் போலாம்.

என் பேரு சில்வியா. கல்மண்டபத்துல எங்க சந்து முனையில காலையில இட்லி வடகறி போடுற நாஸ்தா கடை என்னுது. எனக்கு வாயி நீளம்னு சொல்வாங்க, சொல்லட்டும். ஹார்பருக்குப் போற கண்டெய்னர் லாரிக்காரங்களைக் காலங்காத்தால மேய்க்கணும்னா வாயி நீளமா தான் இருக்கணும். ஆனா இப்ப நான் சொல்ல வந்தது என் கதை இல்ல, இன்னாசி அண்ணன் கதை. அவரு பேரு எந்தப் பேப்பர்லயும் வந்தது கிடையாது, எந்தக் கல்லுலயும் செதுக்கி வெக்கல. எங்க சந்துல நாலாவது வூட்ல கீறாரு, அவ்ளோ தான். ஆனா அவரு இல்லன்னா என் வூட்டுக்காரர் இல்ல, என் பொண்ணு ஷைனி பொறந்தே இருக்க மாட்டா.

அண்ணனுக்கு ஹார்பர்ல கை காட்டுற வேலை. கேக்கறதுக்குத் தமாசா இருக்கும், அது சாதாரண வேலை இல்ல. கிரேன்காரர் அந்தாண்ட ஒசரத்துல கூண்டுல குந்தினு இருப்பாரு. கப்பலோட வயித்துக்குள்ள ஆளுங்க சரக்கைக் கட்டிகினு இருப்பாங்க. இவங்க அவங்களைப் பாக்க முடியாது, அவங்க இவங்களைப் பாக்க முடியாது. நடுவுல ஒருத்தர் விளிம்பாண்ட நின்னுகினு கீழ ஒரு கண்ணு, மேல ஒரு கண்ணு வெச்சிகினு கை காட்டணும். விரலை மேல காட்டிச் சுத்தினா தூக்கு. கீழ காட்டிச் சுத்தினா எறக்கு. கையைத் தூக்கி விரலை மூடினா நில்லு. அந்தக் கையை நம்பித் தான் கீழ கீற அத்தனை உசுரும்.

அதுல ஒரு சட்டம் கீது. தூக்கு, எறக்குன்னு சொல்றதுக்கு அந்த ஒரே ஒரு ஆளுக்குத் தான் உரிமை. ஆனா நில்லுன்றதை யார் வேணா சொல்லலாம். மூட்டை தூக்குறவன் சொல்லலாம், டீ கொண்டாந்தவன் சொல்லலாம், வழியில போறவன் சொல்லலாம். யாரு கையைத் தூக்கினாலும் கிரேன்காரர் நின்னாகணும். ஏன் எதுக்குன்ற கேள்வி அப்பால தான். ஹார்பர்ல வேலை செஞ்ச குடும்பத்துல பொறந்த எல்லாருக்கும் இது தெரியும். எங்க சந்துல பசங்க தெருவுல கிரிக்கெட் ஆடும்போது கூட ஒருத்தன் கையைத் தூக்கி மூடினா பால் போடறவன் நின்னுடுவான்.

அண்ணனுக்கு அந்தக் கை வூட்லயும் சும்மா இருக்காது. சோத்துல ரசம் ஊத்தறப்ப ஆலிஸ் அண்ணி கரண்டியைப் புடிச்சா, இவரு விரலைக் கீழ காட்டி மெள்ள மெள்ள சுத்துவாரு. போதும்னா மூடுவாரு. "இன்னாத்துக்கு இந்த பந்தா, வாயால போதும்னு சொல்ல மாட்டியா"ன்னு அண்ணி கத்தும். சொல்ல மாட்டாரு. கல்யாண வூட்ல கார் நிறுத்தறதுக்கு, தேர் திருப்பறதுக்கு, பக்கத்து வூட்டு பீரோவை மாடிக்கு ஏத்தறதுக்கு, எல்லாத்துக்கும் அண்ணனைத் தான் கூப்புடுவாங்க. வந்து நின்னு கையைத் தூக்கினாருன்னா போதும், கத்திகினு கீற ஆம்பளைங்க அல்லாம் கப்சிப்.

என் வூட்டுக்காரர் மேத்யூ கப்பல் வயித்துக்குள்ள வேலை செஞ்சவரு. எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருசம் கூட ஆவல. அன்னிக்கு எங்கியோ போற கப்பல் ஒண்ணுக்குக் கிரானைட் கல்லு ஏத்திகினு இருந்தாங்க. கிரேன் கூண்டுல வெள்ளத்துரை அண்ணன். இன்னாசி அண்ணனுக்கு அன்னிக்கு வேலையே இல்ல, ஷிப்ட் முடிஞ்சி டீ கிளாஸைக் கையில வெச்சிகினு வூட்டுக்குக் கெளம்பினவரு. கை காட்டறதுக்கு வேற ஆளு. அந்த ஆளு கீழ பாத்துகினு இருந்த நேரத்துல, கல்லைக் கட்டின கம்பிக் கயித்துல ஒரு இழை பிரிஞ்சிகினு வர்றதை இன்னாசி அண்ணன் கண்ணு பாத்துடிச்சி. டீ கிளாஸைக் கீழ போட்டாரு. கையைத் தூக்கி மூடினாரு.

வெள்ளத்துரை அண்ணன் நிறுத்திட்டாரு. ஏன்னு கேக்கல, இவன் யாருடா நம்ம ஷிப்ட்டுல இல்லாதவன்னு பாக்கல. கல்லு அந்தரத்துல நின்னுது. கீழ இருந்த மேத்யூவையும் மத்தவங்களையும் ஓரமா வரச் சொல்லி சத்தம் போட்டாங்க. வந்தாங்க. அவங்க ஒதுங்கினப்புறம் கயிறு அறுந்து கல்லு கீழ உழுந்துது, மேத்யூ நின்ன அதே எடத்துல. அவரு வூட்டுக்கு வந்து என்னாண்ட ஒண்ணும் சொல்லல. தண்ணி குடு, தண்ணி குடுன்னு கேட்டுகினே இருந்தாரு. அக்கம்பக்கத்துல சொல்லித் தான் எனக்கே தெரிஞ்சிது.

அண்ணனுங்க ரெண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு எங்களுக்குத் தெரியல. வேட்டி எடுத்துக் குடுத்தா வாங்க மாட்டாங்க. வூட்டுக்குச் சாப்பிடக் கூப்புட்டா, "போடா டேய், இதுக்குப் போயி"ன்றாங்க. அப்ப தான் ராக்கெட் படம் தமிழ்ல டப் பண்ணி நம்ம பக்கம் வந்துது. ஊரு உலகமே பாத்த படம்னு போஸ்டர்ல போட்டிருந்தான். மேத்யூ டிக்கெட் எடுத்துகினு வந்து நீட்டிட்டாரு. எடுத்த டிக்கெட்டை வேஸ்ட் பண்ணக் கூடாதுன்னு ரெண்டு பேரும் வந்தாங்க. ஆலிஸ் அண்ணியும் நானும் கூடப் போனோம்.

கதை இன்னான்னா, வானத்துல ஒரு ஊரு அழியப் போவுது. அந்த ஜனங்களை ஒரு ஓட்டை ராக்கெட்டுல ஏத்திகினு ஒரு கேப்டன் தப்பிச்சி வர்றான். எதிரிங்க பின்னாலயே தொரத்தறாங்க. கடைசியில ஒரு பெரிய இரும்புக் கோட்டை, அதுக்குள்ள போயிட்டா பொழச்சிக்கலாம். ஆனா அதோட கதவு மூடிகினே வருது. கதவாண்ட ஒரு ஆளு நின்னுகினு கையைத் தூக்கி நில்லுன்றான். கேப்டன் நிக்கல. ராக்கெட்டைச் சாய்ச்சி நெருப்புப் பொறி பறக்க உள்ள சொருவிட்டான். தியேட்டர்ல விசில்னா விசில், காதே போச்சி. பக்கத்து சீட்டுக்காரன் சட்டையைக் கழட்டிச் சுத்தறான். வெள்ளத்துரை அண்ணன் எழுந்து நின்னு கை தட்டறாரு.

இன்னாசி அண்ணன் ஒண்டி குந்தினே இருந்தாரு. லைட்டு போட்டதும் அவரு கேட்ட மொதக் கேள்வி: "அந்தாளு எங்க போனான்?"

"எந்தாளு மாமு?" வெள்ளத்துரை அண்ணன் கேட்டாரு.

"கதவாண்ட நின்னான் இல்ல, கையைத் தூக்கினு. அப்புறம் அவனைக் காட்டவே இல்லையே. எங்கடா போனான்?"

"ஒதுங்கி இருப்பான். அவனா இப்ப முக்கியம்? அத்தனை ஜனம் பொழச்சிது பாத்தியா?"

"அவன் ஏன் கையைத் தூக்கினான்? அத்த எவனாச்சும் சொன்னானா? அந்தக் கதவுக்கு உள்ளாற எவன் வேலை செஞ்சிகினு இருந்தானோ! கையைத் தூக்கினா நிக்கணும்டா!"

"நின்னா எல்லாரும் செத்தாங்கடா! மேல இருந்து பாக்கறவனுக்குத் தான் தெரியும், எது நிக்கற நேரம், எது போவற நேரம்னு."

"நீ அன்னிக்கு நின்னியே!"

"அது வேற, இது வேற. அது ஹார்பரு, இது ஆகாசம்."

தியேட்டர் வாசல்ல ஆரம்பிச்சது, பஸ்ல ஓடிச்சி, கல்மண்டபம் ஸ்டாப்பிங்ல எறங்கியும் ஓயல. நன்றி சொல்லலாம்னு இஸ்துகினு போனா, எங்க காசுலயே ஒரு சண்டையை வாங்கிகினு வந்தாங்க ரெண்டு பேரும். நானும் அண்ணியும் பஜ்ஜி துன்னுகினே வேடிக்கை பாத்தோம்.

அந்தச் சண்டை தான் அப்பால எங்க வூட்டு வழக்கமே ஆயிடிச்சி. கல்லு உழுந்த நாளு வர்ற மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சி ரெண்டு பேரும் எங்க வூட்டுக்கு வந்துடணும். நான் எறா தொக்கும் கிழங்கா மீன் கொழம்பும் வெச்சிடுவேன். மொதல்ல வாடகை டெக்குல கேசட் போட்டோம், அப்புறம் சிடி, இப்ப ஷைனி பென் டிரைவ்ல ஏத்திக் குடுத்துடறா. படம் ஓடும். கதவு சீன் வரும். இன்னாசி அண்ணன் "அந்தாளு எங்கடா போனான்"ன்னு கேப்பாரு. வெள்ளத்துரை அண்ணன் எழுந்து குந்துவாரு. அப்பால வூட்ல ஒரு பயலும் படம் பாக்க முடியாது.

சந்துல அத்தனை பேருக்கும் அந்தப் படத்தைப் பத்தி ஒரு கருத்து கீது, அதுக்கும் காரணம் இவங்க தான். ஆலிஸ் அண்ணிக்குப் படமே புடிக்காது. "அம்மாம் பெரிய ராக்கெட்டுல ஒரு அடுப்பைக் காட்டினானா? அத்தனை ஜனமும் இன்னாத்த துன்னுச்சிங்க?"ன்னு கேக்கும். டீக்கடை யாசின் பாய் கதையைப் பத்திப் பேசவே மாட்டாரு, மியூசிக் ஒண்டி போதும்பாரு. ஷைனிக்கு கிராபிக்ஸ் பொம்மை மாதிரி கீதுன்னு சிரிப்பு. எனக்குப் பாதியிலயே தூக்கம் வந்துடும், கதவு சீனுக்குச் சத்தம் கேட்டு முழிச்சிப்பேன். மேத்யூ ஒண்டி ஒரு கருத்தும் சொன்னது கிடையாது. ரெண்டு பேருக்கும் நடுவுல குந்தினு ரெண்டு பேர் தட்டுலயும் எறா வெச்சிகினே இருப்பாரு. நீ யாரு கட்சின்னு கேட்டா, "படம் நல்லா தான் கீது"ன்னு சொல்லிட்டு எழுந்து போயி தண்ணி கொண்டாருவாரு.

ரெண்டு அண்ணனும் ரிட்டையர் ஆனாங்க. வெள்ளத்துரை அண்ணன் மகனோட மணலி புதுநகருக்குக் குடி போயிட்டாரு. ஆனா அந்த ஞாயித்துக்கிழமை ஒண்டி பஸ் ஏறி வந்துடுவாரு. மழை வெள்ளத்துலயும் வந்தாரு. கொரோனா நேரத்துல வர முடியலன்னு போனைப் போட்டு அங்க அவரு படத்தை ஓட்ட, இங்க இவரு ஓட்ட, ரெண்டு பேரும் போன்லயே கத்தினாங்க.

போன வருசக் கடைசியில இன்னாசி அண்ணன் குளிக்கப் போனவரு பாத்ரூம்லயே உழுந்துட்டாரு. பக்கவாதம். உசுரு பொழச்சிது, ஆண்டவருக்குத் தோத்திரம். வலது பக்கம் சுத்தமா விழுந்துடிச்சி. பேச்சு போயிடிச்சி. இடது கையும் காலும் நல்லா தான் கீதுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. ஆனா வூட்டுக்கு வந்த நாள்லேர்ந்து அந்த நல்ல கையைக் கூட அவரு தூக்கல. செவுத்துப் பக்கமா மூஞ்சியைத் திருப்பிகினு படுத்துட்டாரு. கை காட்டின கை போனதும் தானே போயிட்டதா முடிவு பண்ணிட்டாரு போல.

ஜெயஸ்ரீன்னு ஒரு பொண்ணு, கைகால் பயிற்சி குடுக்க வூட்டுக்கு வந்துகினு இருந்துது. தங்கமான பொண்ணு. திருவொத்தியூர்லேர்ந்து ஸ்கூட்டில வரும், லாரிக்கு நடுவுல பூந்து பூந்து வரும். ஒரு நாளு அது வெளிய வந்து ஆலிஸ் அண்ணியாண்ட மெள்ள சொல்லிச்சி. "ஆன்ட்டி, நான் தூக்கி விடறதுல ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு தடவை அவரா அந்தக் கையைத் தூக்கணும். அவருக்கே வேணும்னு தோணணும். அது வராம நான் எத்தனை மாசம் வந்தும் பலன் இல்ல."

சாப்பாட்டுக்கும் அதே கதை தான். வாயாண்ட கஞ்சி கொண்டு போனா உதட்டை மூடிக்குவாரு. விழுங்க முடியுது, ஆனா விழுங்க மாட்டேன்றாரு. இப்படியே போனா மூக்கு வழியா குழாய் போடணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அண்ணி என் கடையாண்ட வந்து நின்னுகினு, வாயில முந்தானையைப் பொத்திகினு அழுதுது. "சில்வி, திட்டினாலும் பரவால்லடி, ஒரு தபா என்னைத் திட்டச் சொல்லுடி"ன்னு அழுதுது. எனக்கு இட்லி மாவு கையில, கண்ணைத் துடைக்கக் கூட முடியல.

இதுல எனக்கு எரிச்சல் இன்னான்னா, வெள்ளத்துரை அண்ணன் ஆஸ்பத்திரிக்கு ஒரு தபா வந்து எட்டிப் பாத்தவரு, வூட்டுக்கு வரவே இல்ல. போன் போட்டா, "பாக்கறேன்மா, முட்டி வலி"ன்றாரு. அந்த ஞாயித்துக்கிழமை நெருங்கிகினு வந்துது. நான் போன் போடல. நேரா பஸ் ஏறி மணலி புதுநகருக்கே போயிட்டேன். அன்னிக்குப் பாத்து அங்க கம்பெனிங்க வுடற கேஸ் நாத்தம் மண்டையைப் பொளக்குது. அவரு வாசல்ல சேர் போட்டு சும்மா குந்தினு இருந்தாரு.

"இன்னா அண்ணே, முட்டி வலியா?"

"வா சில்வியா. ஆமாம்மா."

"அந்த முட்டியோட தான் போன வாரம் நம்ம ஹார்பர் பொன்ராஜ் பொண்ணு கல்யாணத்துல பந்திக்கு மொத ஆளா நின்னியாமே?"

நான் வுடல.

"ஏன் அண்ணே, முப்பது வருசமா எங்க வூட்ல எறா துன்ன நாக்கு தானே அது? அங்க அந்த மனுசன் வாயைத் தொறக்காம செத்துகினு கீறாரு. நீ இங்க காத்து வாங்கிகினு கீற! உனுக்கு வெக்கமா இல்ல?"

அவரு எழுந்து உள்ள போயிடுவாருன்னு நெனச்சேன். போவல. மூஞ்சியைத் துண்டால மூடிகினாரு.

"என்னால முடியாது சில்வியா. அவன் பேசாம கெடக்க நான் அங்க போயி இன்னா பண்ணுவேன்? முப்பது வருசமா அவன் கையைப் பாத்துப் பாத்துத் தான் நான் வேலை செஞ்சேன். அந்தக் கை சும்மா கெடக்கறதை என் கண்ணால பாக்க முடியாதும்மா."

எனக்குக் கோவம் எங்க போச்சின்னே தெரியல. ஆனா காட்டிக்கல. "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சி வந்துடு. இந்தத் தபா படம் எங்க வூட்ல இல்ல, அவரு வூட்ல. வரலன்னா நானே வந்து முட்டியை ஒடைப்பேன், அப்ப நெசமாவே வலிக்கும்"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

வந்தாரு. வெள்ளைச் சட்டை போட்டுகினு, கையில சாத்துக்குடி பையோட, வாசல்லயே நின்னாரு. மேத்யூ தான் கையைப் புடிச்சி உள்ள கூட்டினு போனாரு. இன்னாசி அண்ணன் செவுத்தைப் பாத்துப் படுத்திருந்தாரு. ஜெயஸ்ரீ அன்னிக்கு வர வேண்டிய நாளே இல்ல, எறா தொக்குன்னு நான் ஆசை காட்டினதுல வந்திருந்துது. எல்லாருமா சேர்ந்து அண்ணனைத் திருப்பி டிவி பக்கமா படுக்க வெச்சோம். கண்ணு டிவியைப் பாக்கல, எங்கியோ பாத்துது. ஷைனி பென் டிரைவைச் சொருவி, ரிமோட்டை வெள்ளத்துரை அண்ணன் கையில குடுத்தா.

படம் ஓடுது. எப்பவும் சந்தைக்கடை மாதிரி கெடக்கற படம், அன்னிக்கு அதோட வசனம் அல்லாம் எனக்கு மொத தபா ஒழுங்கா காதுல உழுந்துது. ஆலிஸ் அண்ணி கட்டில் ஓரமா கஞ்சி கிண்ணத்தோட குந்தினு இருந்துது. கஞ்சி ஆறிப் போச்சி. நானும் அன்னிக்குத் தூங்கல.

கதவு சீன் வந்துது. கதவு மூடுது, அந்தாளு கையைத் தூக்கறான், கேப்டன் நிக்காம உள்ள சொருவறான். வெள்ளத்துரை அண்ணன் எழுந்து குந்தல. குனிஞ்சி தரையைப் பாத்துகினு மெள்ள சொன்னாரு.

"மாமு, நீ சொன்னது தான்டா கரீக்டு. அவன் நின்னிருக்கணும். இத்தினி வருசம் நான் சும்மா வம்புக்கு இஸ்துட்டேன். அந்தக் கேப்டன் பண்ணது தப்பு தான். நான் ஒத்துக்கறேன் மாமு, நீ ஜெயிச்சிட்ட. நான் ஒத்துக்"

அவரு அந்த வார்த்தையை முடிக்கல. இன்னாசி அண்ணனோட இடது கை மேல எழுந்துது. ஆடிகினே எழுந்துது, கை முட்டி மடங்கி, கோணலா. விரலுங்க ஒண்ணொண்ணா மூடிச்சி.

நில்லு.

ஓரக்கண்ணுல அத்தப் பாத்ததுமே வெள்ளத்துரை அண்ணன் நின்னுட்டாரு. வாயி தொறந்தது தொறந்தபடி, ரிமோட்டைப் புடிச்ச கை புடிச்சபடி. அவரு ஒடம்பே அவரைக் கேக்காம நின்னுடிச்சின்னு எனக்குப் பட்டுது. ஷைனி அண்ணனுங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தா. கட்டிலாண்ட கஞ்சி கிண்ணம் கவுந்துது, அண்ணி அதைப் பாக்கவே இல்ல. ஜெயஸ்ரீ என் தோளைப் புடிச்சி நசுக்கிடிச்சி, அந்த வலி ரெண்டு நாளு இருந்துது.

அண்ணன் கண்ணு இப்ப எங்கியோ பாக்கல. நேரா வெள்ளத்துரை அண்ணனைப் பாத்துது. கோவம்னா கோவம், அப்படி ஒரு கோவம். என் மேல பரிதாபப்பட்டு எவனும் தோக்க வேணாம்னு அந்தக் கண்ணு கத்திச்சி. அந்தக் கோவத்தைப் பாத்து நான் எவ்ளோ சந்தோசப்பட்டேன்னு எனக்குத் தான் தெரியும்.

அப்பால அந்த மூடின கையிலேர்ந்து ஒரு விரலு வெளிய வந்துது. மேல பாத்துது. மெள்ள சுத்திச்சி.

"தூக்கச் சொல்றான்" வெள்ளத்துரை அண்ணன் சொன்னாரு. "டேய், தூக்கச் சொல்றான்டா!"

மேத்யூ ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம் கையைக் குடுத்தாங்க. விரலு சுத்தச் சுத்தத் தூக்கினாங்க. ஜெயஸ்ரீ முதுகுக்குத் தலைகாணியைத் திணிச்சிது. நேரா குந்தினதும் விரலு மூடிச்சி. அப்படியே புடிச்சிகினாங்க. பக்கவாதம் வந்த நாள்லேர்ந்து இன்னாசி அண்ணன் நிமிந்து குந்தினது அப்ப தான்.

டிவியில படம் எங்கியோ ஓடிப் போயிடிச்சி. அண்ணன் கண்ணு டிவிக்கும் ரிமோட்டுக்கும் போயிப் போயி வந்துது. வெள்ளத்துரை அண்ணன் புரிஞ்சிகினு படத்தைப் பின்னால ஓட்டி, கதவு சீனை மறுபடியும் போட்டாரு. போட்டுட்டு, அழுத மூஞ்சியைத் துண்டால துடைச்சிகினு, எழுந்து குந்தினாரு.

"இன்னாத்தடா மொறைக்கிற? நான் சொன்னது பொய்யி. கேப்டன் பண்ணது தான் கரீக்டு! நின்னிருந்தா அத்தனை பேரும் செத்திருப்பாங்க. போடா கஸ்மாலம்!"

இன்னாசி அண்ணன் பெட்டு மேல ஒரு குத்து வுட்டாரு. வாயி ஒரு பக்கமா கோணிச்சி. சிரிக்கிறாரா, திட்டறாரான்னு எங்களுக்குத் தெரியல. ஆலிஸ் அண்ணிக்குத் தெரிஞ்சிது. "திட்டறாருடி, திட்டறாருடி"ன்னு என்னைக் கட்டிப் புடிச்சிகினு குதிச்சிது, அறுபது தாண்டின பொம்பளை.

அப்ப தான் மேத்யூ பேசினாரு. முப்பது வருசமா அந்தப் படத்தைப் பத்தி வாயே தொறக்காத மனுசன்.

"அண்ணே, அந்தாளு எங்க போனான்னு கேப்ப இல்ல? அவன் எங்க போனான்னு எனக்குத் தெரியாதுண்ணே. அவன் கையைத் தூக்கினது யாருக்காகன்னு எனக்குத் தெரியும். உள்ளாற என்னை மாதிரி ஒருத்தன் இருந்திருப்பான். தலைக்கு மேல இன்னா வருதுன்னே தெரியாம குனிஞ்சி வேலை செஞ்சிகினு இருந்திருப்பான்."

அவரு வெள்ளத்துரை அண்ணன் பக்கம் திரும்பினாரு. "படத்துல அவன் நிக்கல. நீ நின்ன. அதனால தான்ணே நான் எந்தக் கட்சியும் பேசினதில்ல. உங்க ரெண்டு பேர் சண்டையைக் கேட்டுகினு குந்தினு இருக்கறதே எனக்குப் போதும். குந்தினு இருக்கேன் இல்ல, அதுவே போதும்."

எனக்கு அழுகை வந்துடும் போல இருந்துது. அழுதா வேலைக்காவாதுன்னு எழுந்து சமையக்கட்டுக்குப் போயி புதுசா கஞ்சி சூடு பண்ணி, ரசத்தைக் கரண்டியோட கொண்டாந்து அண்ணி கையில குடுத்தேன்.

அண்ணி கிண்ணத்தை அவரு முன்னாடி வெச்சி, கரண்டியை மேல புடிச்சிகினு அப்படியே காத்துகினு இருந்துது. ஊத்தல. இன்னாசி அண்ணன் அதையே பாத்தாரு. அந்த இடது கை மறுபடியும் எழுந்துது. ஒரு விரலு கீழ பாத்து மெள்ள மெள்ள சுத்திச்சி. அண்ணி மெள்ள மெள்ள ஊத்திச்சி. கை மூடிச்சி. அண்ணி நின்னுது.

"வாயால போதும்னு சொல்ல மாட்டியா"ன்னு அண்ணி கேட்டுது. கேட்டுட்டு, அந்த மூடின கையை எடுத்து கண்ணுல ஒத்திகினுது. அப்பால அண்ணன் வாயைத் தொறந்தாரு, சாப்பிட.